இதயம் தளர்ந்தால் சிறுநீரகத்துக்கு என்ன ஆகும்?

இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. இரண்டும் சேர்ந்து 300 கிராம் தேறினால் அதிகம். இவ்வளவு ரத்தத்தை நம்பியிருப்பதாலேயே இதயம் தளரும்போது அவையும் சீக்கிரம் அடிபடுகின்றன.

ரத்த வரத்து குறைந்ததும், உடலில் நீர் வற்றிவிட்டது என்று சிறுநீரகம் தவறாகக் கணிக்கிறது. ரெனின் என்ற நொதி சுரக்கிறது, ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, உப்பும் நீரும் உடலில் தங்குகின்றன. கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு வாங்குகிறது. ஏற்கெனவே திணறும் இதயத்துக்கு இது கூடுதல் சுமை.

வரத்துக் குறைவுதான் முழுக் காரணம் என்று மருத்துவர்கள் நெடுங்காலம் நினைத்தார்கள். ஆனால் பலரிடம் அதைவிடப் பெரிய கோளாறு வடிகாலில் இருக்கிறது. இதயத்தின் வலப்பக்கம் ரத்தத்தை வாங்கிக்கொள்ள முடியாமல் போனால் சிரைகளில் அழுத்தம் ஏறும். மழைக்காலத்தில் மும்பை கோவண்டியில் சாக்கடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் வீட்டுக்குள் ஏறுமே, அப்படித்தான். வீங்கிய சிறுநீரகத்தில் வடிகட்டல் மந்தமாகிறது. மாதக்கணக்கில் நீடித்தால் திசு தழும்பேறுகிறது. தழும்பேறிய பகுதி பழைய நிலைக்குத் திரும்பாது.

எதிர்த்திசையிலும் கேடு உண்டு. சிறுநீரக நோயாளிகளுக்கு இதயம் பெருத்திருப்பதை லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட் 1836-லேயே எழுதிவைத்தார். ரத்த அழுத்தமும் ரத்தசோகையும் இதயச் சுவரைத் தடிக்க வைக்கின்றன. மிகுந்துபோன பாஸ்பேட்டால் ரத்தக்குழாய்களில் சுண்ணாம்பு படிகிறது. டயாலிசிஸ் வரை போகாமலே இதய நோயால் இறக்கும் சிறுநீரக நோயாளிகள் ஏராளம். சிறுநீரக நோயாளியாக இருந்து இதயத்தால் இறந்தவர்களில் தமிழர்கள் அறிந்த பெயர் எம்.ஜி.ஆர்.: 1984-இல் சிறுநீரகம் செயலிழந்து நியூயார்க்கில் மாற்று அறுவை நடந்தது; 1987 டிசம்பர் 24 அன்று இதயம் நின்று இறந்தார்.

நீர் பிரிக்கும் மாத்திரையால் தேக்கம் வடியும். ராமிப்ரில், டபாகிளிஃப்ளோசின் போன்றவை இரண்டு உறுப்புகளையும் காக்கின்றன.  இவற்றின் தொடக்கத்தில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் சற்று ஏறலாம். அதைக் கண்டு பயந்து மருந்தைத் தாமாகவே நிறுத்துவது பெரும் தவறு. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது அதைவிடத் தவறு. உப்பையும் குறைக்க வேண்டும்; கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் உப்புக் கணக்கில்தான் சேரும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் மூன்றில் எது இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் அல்புமின் புரதமும் பார்த்துவிட வேண்டும். கோவண்டிக்காரர்களுக்கு மாநகராட்சியின் சதாப்தி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. கால் வீங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.