மரமறிந்து வாங்குவோம்

பெருநாள் நெருங்கினால் தளவாடக் கடைகளில் கூட்டம் கூடும். பளபளக்கும் மேசையைக் கண்டதும் வாங்கிவிடத் தோன்றும். ஆனால், சில ஆண்டுகளிலேயே அதன் கால் ஆடத் தொடங்குவதும் பலகை உப்பிப்போவதும் பல வீடுகளில் நடக்கின்றன. மேற்பூச்சு எந்தப் பலகையையும் அழகாகக் காட்டிவிடும். எனவே, வாங்குவதற்கு முன் மூன்று செய்திகளை அறிந்துகொள்வது நல்லது.

முதலாவது, அது மரம்தானா என்பது. மரத்தூளைப் பசையுடன் சேர்த்து அழுத்திய பலகையின்மேல், மர வரிகள் அச்சிட்ட தாளை ஒட்டி விற்பதும் உண்டு. அதன் விலை குறைவுதான். ஆனால், நீர் பட்டால் அது ஊறி உப்பும்; ஒருமுறை கழன்ற திருகாணி மீண்டும் இறுகப் பிடிக்காது. மேசையின் அடிப்பக்கத்தையும் விளிம்பையும் பாருங்கள். மேலே உள்ள வரிகள் விளிம்பிலும் தொடர்ந்தால் அது மரம்.

இரண்டாவது, மரம் பயன்பாட்டுக்கு ஏற்றதா என்பது. செங்கால் மரம் மிகவும் கடினமானது. கரையான் எளிதில் அரிக்காது. அதனால்தான் திரங்கானுவில் படகு கட்டுவோர் அதை நாடினர். ஆனால், படிக்கும் மேசைக்கு அவ்வளவு கனமும் செலவும் தேவையில்லை.

மூன்றாவது, மரம் நன்கு உலர்ந்ததா என்பது. புதிதாக வெட்டிய மரத்தில் நீர் நிறைந்திருக்கும். நீர் வற்றும்போது மரம் நீளவாக்கில் மிகச் சிறிதே சுருங்கும். அகலவாக்கில் அதிகம் சுருங்கும். இதனால் பலகை வளையும், வெடிக்கும். ஆகவே, வீட்டுக்குள் பயன்படும் தளவாடங்களுக்கான பலகைகளின் ஈரப்பதம் 8 முதல் 12 விழுக்காடு ஆகும்வரை அவற்றைச் சூடான அறைகளில் உலர்த்துகிறார்கள். பலகையைக் கண்மட்டத்தில் பார்த்தால் வளைவு தெரியும். சிறு துளைகளும் மாவு போன்ற தூளும் இருந்தால், வண்டு துளைத்திருக்கிறது என்று பொருள்.

இவற்றுக்கெல்லாம் இரப்பர் மரம் நல்ல சான்று. நம் முன்னோர் தோட்டங்களில் பால் வெட்டிய மரம் அது. ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் அதை வெட்டிவிடுவர். முன்பு அது பெரும்பாலும் விறகாகவே எரிந்தது. காரணம், அதில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சை பற்றி நீலக்கறை படியும், வண்டுகளும் துளைக்கும். பலகையாக அறுத்தவுடன் போரான் சேர்ந்த கரைசலை அழுத்தத்துடன் உள்ளே செலுத்தி, பிறகு முறையாக உலர்த்தும் வழக்கம் வந்தபின் நிலைமை மாறியது. இன்று ஜொகூர் மாநிலத்தின் மூவாரில் இம்மரத்தால் செய்யப்படும் மேசை நாற்காலிகள் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. எனினும், இம்மரம் மழையையும் ஈரத்தையும் தாங்காது. அதை வீட்டுக்குள் பயன்படுத்துவதே ஏற்றது.

விலை உயர்ந்த மரம்தான் நல்ல மரம் என்பதில்லை. இடத்துக்கு ஏற்றதாகவும் பக்குவமாக உலர்த்தப்பட்டதாகவும் இருந்தால், ஒரு காலத்தில் விறகாக எரிந்த மரமும் பல்லாண்டு உழைக்கும். அடுத்த முறை பெற்றோருடன் தளவாடக் கடைக்குச் சென்றால், விலையைக் கேட்பதற்கு முன் மேசையின் அடியில் குனிந்து பாருங்கள். பிறகு, “இது என்ன மரம்? நன்கு உலர்த்தியதா?” என்று கேளுங்கள்.