இழுக்கும் வண்டியும் எழும்பும் கல்லும்

பேத்தமங்களா என்னும் ஊர்ப் பெயரைக் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த தமிழர் எவரும் மறந்திருக்க மாட்டார். நந்தி மலைப் பகுதியில் தோன்றிவரும் பாலாறு அங்கே பெரியதோர் ஏரியாகத் தேங்குகின்றது. அந்த ஏரியின் நீரே நெடுங்காலம் தங்கவயல் மக்களின் தாகம் தீர்த்தது. அதே பாலாறுதான் பின்னர் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் எனத் தமிழ்நாட்டின் ஊர்களை நோக்கிச் செல்கின்றது. சுரங்க வேலைக்காக அந்த ஊர்களிலிருந்து ஏறி வந்த நம் முன்னோரின் வழியும், விழாவுக்கும் திருமணத்துக்கும் நாம் இன்று இறங்கிச் செல்லும் வழியும் ஏறத்தாழ இந்த ஆற்றின் வழியே ஆகும்.

இன்று பேத்தமங்களா வேறொரு காரணத்தாலும் பேசப்படுகின்றது. பெங்களூரையும் சென்னையையும் இணைக்கும் புதிய விரைவுச் சாலை இவ்வூரை அடுத்துச் செல்கின்றது. 2022-ஆம் ஆண்டு மே மாதம் அடிக்கல் நாட்டப்பெற்ற இச்சாலையின் கர்நாடகப் பகுதி, 2024 டிசம்பரில் வண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. விரைவுச் சாலைகளில் கார்களுக்கு விதிக்கப்பட்டுள்ள உச்ச வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர். பழைய சாலையில் 40, 50 என்று சென்றவர்கள் இப்பொழுது அதைப்போல் இரு மடங்கு வேகத்தில் செல்கின்றனர். வேகம் கூடும்பொழுது சாலையில் கிடக்கும் சிறு கல்லின் குணமும் மாறிவிடுகின்றது. முன்னே செல்லும் வண்டியின் சக்கரம் எழுப்பும் கல்லிலிருந்து நம் காரையும், அதனுள் இருப்பவரையும் காப்பது எப்படி என்பதே இப்பேச்சின் பொருள். சிறப்பாக, பழுதடைந்த காரை வேறொரு வண்டியின் பின்னே கட்டி இழுத்துச் செல்லும்பொழுது செய்யவேண்டியவை யாவை என்பதைக் காண்போம்.

முதலில் கல் எவ்வாறு நம்மீது மோதுகின்றது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்வண்டி கல்லை நம்மை நோக்கி எறிகின்றது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை சற்று வேறானது. உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் பகுதி, தரையைப் பொறுத்தவரை அந்தக் கணத்தில் அசைவற்றிருக்கின்றது. டயரின் பள்ளங்களில் சிக்கிய கல், தரையை விட்டுச் சற்றே எழும்பியதும் விடுபட்டுத் துள்ளுகின்றது. அது பெரும்பாலும் இருந்த இடத்திலேயே மேலே கிளம்பி நிற்கின்றது எனலாம். அதன்மேல் விரைந்து சென்று மோதுவது நம் வண்டியே. ஆகவே அடியின் கடுமையை முடிவு செய்வது பெரும்பாலும் நம்முடைய வேகமே ஆகும்.

அந்தக் கடுமை எவ்வளவு? சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்படும்வரை, குழியின் வாயருகே ஒரு சிறு கல்லைக்கூட அசட்டையாகத் தள்ளிவிடக் கூடாது என்பது அங்கே அனைவரும் அறிந்த பாடம். மேலே கூழாங்கல்லாக இருப்பது கீழே போய்ச் சேரும்பொழுது குண்டாக மாறிவிடும். சாலையிலும் அதுவே நடக்கின்றது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு கல்லின்மேல் மோதினால், அது இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்த கல்லின் அடிக்கு ஒப்பாகும். 50 கிலோமீட்டர் வேகத்தில் அந்த உயரம் 10 மீட்டர் ஆகிவிடும். 100 கிலோமீட்டரில் 39 மீட்டர். 120 கிலோமீட்டரில் ஏறத்தாழ 57 மீட்டர். வேகம் இரு மடங்கானால் அடியின் வன்மை நான்கு மடங்காகும் என்பது இதனால் விளங்கும். வேகமானியின் முள் ஏற ஏற, நம் தலைக்கு மேலுள்ள குழியின் ஆழமும் ஏறுகின்றது என்று நினைவில் கொள்ளலாம்.

சாதாரணமாக ஒரு லாரியின் பின்னே செல்லும்பொழுது நமக்குள்ள சிறந்த கேடயம் இடைவெளியே ஆகும். காரின் கண்ணாடி உயரத்துக்கு எழும்பிய கல், மேலே சென்று மீண்டும் தரையில் விழுவதற்கு ஏறத்தாழ ஒரு நொடி ஆகின்றது. ஆகவே முன்வண்டிக்கும் நமக்கும் மூன்று நொடி இடைவெளி இருந்தால், கற்களில் பெரும்பாலானவை நாம் போய்ச் சேருமுன்பே தரையில் அடங்கிவிடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி என்பது 83 மீட்டர் தொலைவு. சாலையோரத்துக் கம்பம் ஒன்றை முன்வண்டி கடந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என நிதானமாக எண்ணிப் பாருங்கள். எண்ணி முடிக்குமுன் நாம் அந்தக் கம்பத்தை அடைந்துவிட்டால், நெருங்கிச் செல்கின்றோம் என்று பொருள்.

ஆனால் கட்டி இழுத்துச் செல்லும் காருக்கு இந்தக் கேடயம் இல்லை. முன்வண்டியின் பின்புறத்துக்கும் இழுக்கப்படும் வண்டியின் முன்புறத்துக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேற்பட்ட இடைவெளி இருக்கலாகாது என்பது நம் நாட்டுச் சாலை விதி. கயிறு நீண்டால் குறுக்கே எவரேனும் புகுந்து உயிருக்கே கேடு நேரும் என்பதால் ஏற்பட்ட நல்ல விதி அது. ஆயினும் அதன் விளைவாக, முன்சக்கரங்கள் எழுப்பும் ஒவ்வொரு கல்லும் விழுவதற்கு நேரமின்றிப் பின்னே வரும் காரின் முகத்தில் படுகின்றது. அந்தக் காரை ஓட்டுபவர் கல் வருவதைக் காணவும் முடியாது, விலகிச் செல்லவும் முடியாது. லாரியாயின் பின்புறத்தில் இரட்டைச் சக்கரங்கள் வேறு இருக்கும். அவற்றின் இடுக்கில் சிக்கும் கல் பெரியது. அது விடுபட்டு வரும்பொழுது விளையும் சேதமும் பெரியதே.

இதே இடர்ப்பாட்டை மேல்நாட்டார் வேறு வகையில் சந்திக்கின்றனர். அமெரிக்காவில் படுக்கை, அடுப்பு எல்லாம் அமைந்த வீட்டு வண்டியில் நாடு சுற்றுவோர், ஊருக்குள் சென்றுவரத் தம் சிறிய காரையும் இரும்புத் தண்டினால் பின்னே கோத்து நூற்றுக்கணக்கான மைல்கள் இழுத்துச் செல்வதுண்டு. காரின் முகம் கல்லடியால் அம்மைத் தழும்புபோல் ஆகிவிடுவதைத் தடுக்க அவர்கள் மூன்று இடங்களில் காவல் வைக்கின்றனர். முதல் காவல் இழுக்கும் வண்டியின் பின்சக்கரங்களை ஒட்டித் தொங்கும் ரப்பர்த் தட்டி. இரண்டாவது, இரு வண்டிகளுக்கும் இடையே விரிக்கும் வலுவான திரை. மூன்றாவது, காரின் முகத்தின்மேலேயே போர்த்தும் உறை அல்லது ஒட்டும் கண்ணாடி போன்ற மெல்லிய படலம்.

இம்மூன்றில் எது சிறந்தது? கல் எழும் இடத்திலேயே அதை மடக்குவதே சிறந்தது. சக்கரத்தை ஒட்டியுள்ள தட்டி சிறியதாக இருந்தாலும் பல கற்களைத் தடுக்கும். அங்கே தப்பிய கல் விரிந்து பரவுமாதலால், இடையிலுள்ள திரை அகலமாக இருக்க வேண்டும். கடைசிக் காவலான உறையோ காரின் மேலேயே அடியை வாங்குகின்றது. அதன் உட்புறத்தில் தூசி புகுந்துவிட்டால், காற்றில் உறை அசைய அசைய அதுவே உப்புத்தாளாகி வண்ணப் பூச்சைத் தேய்த்துவிடும். கல்லிலிருந்து காக்கப் போட்ட போர்வையே காரைக் கெடுப்பதும் உண்டு.

நம் நாட்டில் நல்ல நிலையிலுள்ள காரை இவ்வாறு பொழுதுபோக்காக இழுத்துச் செல்ல விதி இடந்தருவதில்லை. ஓடாமல் நின்றுவிட்ட வண்டியைப் பழுது பார்க்கும் இடத்துக்குக் கொண்டுசெல்வதற்கே அனுமதி உண்டு. ஆனால் அந்த நிலை நம்மில் பலருக்கு நேர்வதே. பல ஆண்டுச் சேமிப்பில் பழைய கார் ஒன்றை வாங்கி, குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டு, வழியில் அது நின்றுவிட்டால், தெரிந்தவரின் லாரியில் கயிற்றைக் கட்டிவிடுகின்றோம். இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேரவேண்டும் என்ற அவசரத்தில் லாரிக்காரர் 60 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்கின்றார். பின்னே திருகு சக்கரத்தைப் பிடித்திருப்பவர் அண்ணனோ மைத்துனரோ ஆவார். இயந்திரம் ஓடாததால் அவருக்கு பிரேக் மிகக் கடினமாக அழுத்தவேண்டியதாகவும், திருகு சக்கரம் கனமாகவும் இருக்கும். அந்த நிலையில் முன்கண்ணாடியில் ஒரு கல் பட்டுக் கண்ணெதிரே சிலந்திவலை விரிந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இங்கே காக்கவேண்டியது வண்ணப் பூச்சு மட்டுமன்று.

ஆகவே இந்த ஒழுங்கை மனத்தில் வைக்க வேண்டும். முதலாவது வேகம். கட்டி இழுக்கும் வண்டி மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்படலாகாது என்று விதி கூறுகின்றது. இடைவெளி என்னும் கேடயத்தை இழந்தவருக்கு விதி கொடுத்திருக்கும் மாற்றுக் கேடயம் இதுவே. இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல்லை முன்கண்ணாடி பெரும்பாலும் தாங்கும். 60 கிலோமீட்டரில் அந்த உயரம் 14 மீட்டர்.

இரண்டாவது, புறப்படுமுன் இழுக்கும் வண்டியின் பின்சக்கரங்களைப் பார்க்க வேண்டும். டயர்ப் பள்ளங்களிலும் இரட்டைச் சக்கர இடுக்கிலும் சிக்கிய கற்களைக் கம்பியால் நெம்பி எடுத்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை அது. சக்கரத்தின் பின்னே ரப்பர்த் தட்டி இல்லையாயின், பழைய லாரி டியூப்பை வெட்டித் தொங்கவிடலாம். அது தரையில் உராயக் கூடாது. பின்னோக்கிச் செல்லும்பொழுது சக்கரத்தில் சிக்கவும் கூடாது.

மூன்றாவது, காரின் முன்வலைக்கும் ரேடியேட்டருக்கும் முன்னே தடித்த அட்டையைக் கட்டிவிடலாம். பூச்சின்மேல் உராயாதவாறு கட்டுவது நலம். ஓட்டுபவரின் பார்வையையும் விளக்குகளையும் எண் பலகையையும் மறைக்கலாகாது. பழுது தீர்ந்து இயந்திரத்தை இயக்குமுன் மறவாமல் அட்டையை அவிழ்த்துவிட வேண்டும். இல்லையேல் காற்றுப் புகாமல் இயந்திரம் சூடேறிப் புதிய பழுது வந்து சேரும். பின்வரும் வண்டிகள் அறியும்படி, 'ஆன் டோ' என்னும் ஆங்கிலச் சொற்களை வெள்ளைப் பலகையில் கறுப்பெழுத்தில் எழுதிப் பின்னே மாட்டுவதும் விதியே. இழுக்கப்படும் காரில் உரிமம் பெற்ற ஓட்டுநர் இருக்க வேண்டும். பெண்டிரையும் பிள்ளைகளையும் வேறு வண்டியில் அனுப்பிவிடுவதே அறிவுடைமை.

விரைவுச் சாலையில் வண்டி நின்றுவிட்டால் கயிற்றைத் தேடவே வேண்டா. 120 கிலோமீட்டரில் மற்றவர் வரும் பாதையில் 25 கிலோமீட்டரில் ஊர்வது பேராபத்து. தேசிய நெடுஞ்சாலைகளின் உதவிக்கு 1033 என்னும் தொலைபேசி எண் உள்ளது. மேடை அமைந்த லாரியில் காரை ஏற்றிச் செல்வதே அங்கே தக்கது. அப்பொழுது கார் உயரத்தில் அமர்ந்திருப்பதால், இழுப்பவரின் சக்கரம் எழுப்பும் கல் அதன் முகத்தில் படாது.

இவ்வளவும் செய்தபின்னும் கல் பட்டுவிட்டால் மனம் தளர வேண்டா. முன்கண்ணாடி என்பது ஒரே கண்ணாடியன்று. இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒட்டும் படலம் ஒன்று இருக்கின்றது. பிரெஞ்சு நாட்டவரான எடுவார் பெனெடிக்டஸ் என்பவர் 1909-ஆம் ஆண்டு உரிமை பெற்ற கண்டுபிடிப்பின் வழிவந்தது அது. அதனால்தான் விரிசல் விட்டாலும் துண்டுகள் முகத்தில் கொட்டுவதில்லை. சிறு புள்ளியளவு பெயர்ந்திருந்தால், உடனே அதன்மேல் ஒளிபுகும் ஒட்டுத்தாளை ஒட்டித் தூசியும் நீரும் புகாமல் தடுக்க வேண்டும். பின்னர்ப் பசைநீர் செலுத்தி அடைக்கலாம். வெயிலில் காய்ந்த கண்ணாடிமேல் குளிர்ந்த நீரை ஊற்றுவதும், குளிர்சாதனத்தை முழு வேகத்தில் திருப்பிவிடுவதும் விரிசலை நீளச் செய்யும். பூச்சு பெயர்ந்த இடத்தில் துரு ஏறுமுன் சிறிது வண்ணம் தொட்டு வைக்க வேண்டும்.

தங்கவயலில் வாழ்வோருக்கு மற்றுமொரு சொல். ஊரார் சயனைடு மேடுகள் என்று அழைக்கும் கழிவு மணற்குன்றுகளிலிருந்து காற்றில் எழும் தூசி நம் வண்டிகளில் படிகின்றது. பொன் கிடைத்த பாறை படிகக் கல் மிகுந்தது. அதை அரைத்த மணல் கண்ணாடியைவிடக் கடினமானது. அதை உலர்ந்த துணியால் துடைத்தால் கண்ணாடியிலும் பூச்சிலும் கீறல் விழும். நீர் ஊற்றிக் கழுவிய பின்னரே துணி தொட வேண்டும். கண்ணாடி துடைப்பானையும் உலர்ந்த தூசியின்மேல் ஓட்டலாகாது.

மலைபோல் வரும் இடரைக் காண எவர்க்கும் கண் உண்டு. கடுகளவு கல்லைக் கருதுவோரே குறைவு. பூமிக்குள் மைல் கணக்கில் இறங்கி உழைத்த நம் பெரியோர், மேலிருந்து விழும் சிறு கல்லுக்கும் அஞ்சித் தலைக்கவசம் அணிந்தே சென்றனர். அந்த எச்சரிக்கையை அவர் பிள்ளைகளாகிய நாம் சாலையிலும் கைக்கொள்வோமாக. இடைவெளி இருக்கையில் இடைவெளியைக் காப்போம். இடைவெளி இல்லாதபொழுது வேகத்தைக் குறைப்போம். ஊரில் காத்திருப்போர் ஒரு மணி நேரம் கூடுதலாகக் காத்திருப்பதில் குறை ஒன்றும் இல்லை.