பொன்னியின் செல்வனுக்கு ஓர் இணையதளம்

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் 1950ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில் தம்முடைய வார இதழில் தொடங்கி 1954ஆம் ஆண்டு மே மாதத்தில் நிறைவு செய்த ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களும் 293 அத்தியாயங்களும் கொண்ட மகாகதை என்பதும், எழுபது ஆண்டுகள் கடந்த பின்னும் அதைப் புதிதாகக் கையில் எடுக்கிறவர்கள் குறையவில்லை என்பதும் தமிழ் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவை அல்ல. ஆனால் அக்கதையின்மீது கொண்ட அபிமானத்தால் அதற்கென்று இணையத்தில் ஒரு தளம் அமைக்க முற்படுகிற ரசிகர்கள், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற நிர்ணயத்தில் எத்தகைய சங்கடத்துக்கு உள்ளாகிறார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படாத விஷயம். காவிரிக் கரையில் பிறந்து, கதையில் வரும் ஊர்களின் பெயரைப் பேருந்துப் பலகைகளில் நாள்தோறும் படித்து வளர்ந்தவர்களுக்கு இச்சங்கடம் இன்னும் அதிகம். கதை எங்கே முடிகிறது, தம்முடைய ஊர் எங்கே தொடங்குகிறது என்று அவர்களால் எளிதில் பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

தொடக்கத்தில் நோக்கம் எளியதாகவே இருக்கும். வந்தியத்தேவனுக்கு ஒரு பக்கம், குந்தவைக்கு ஒரு பக்கம், நந்தினிக்கும் ஆழ்வார்க்கடியானுக்கும் ஒவ்வொரு பக்கம் என்று ஆரம்பிப்பார்கள். வந்தியத்தேவன் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று குதிரைமேல் ஏறிவரும் வீரநாராயண ஏரிக்கும் ஒரு பக்கம் இருக்கத்தானே வேண்டும் என்று அடுத்தபடி தோன்றும். அதை எழுத உட்கார்ந்தால், ஏரிக்குப் பெயர் தந்த முதற் பராந்தக சோழரைப் பற்றியும், ஏரி வெட்டிய பெருமையை எந்த மகனுக்கு மரபு அளிக்கிறதோ அந்த இராஜாதித்தரைப் பற்றியும், அவர் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே உயிர்நீத்ததைப் பற்றியும் எழுதாமல் இருக்க மனம் ஒப்பாது. கீழணையிலிருந்து வடவாற்றின் வழியாக ஏரிக்குத் தண்ணீர் வருவதும், 2004ஆம் ஆண்டு முதல் அந்தத் தண்ணீர் குழாய் வழியே சென்னைக்குக் குடிநீராகப் போவதும் சுவையான செய்திகள்தாமே! இவ்வாறு ஒவ்வொன்றாகச் சேர்ந்து, வந்தியத்தேவனின் குதிரைக் குளம்போசை எங்கோ காதில் விழாத தூரத்துக்குப் போய்விடுகிறது. சேர்த்தவற்றில் பொய் ஒன்றும் இல்லை. பயனற்றது என்றும் சொல்ல முடியாது. ஆயினும் கதையைப் படித்துக்கொண்டே ஒரு ஐயம் தீர்த்துக்கொள்ள வந்த வாசகருக்கு அவற்றில் முக்கால் பங்கு தேவையில்லை.

பக்கவாட்டில் விரிவதற்கும் வழிகள் உண்டு. கல்கியே எழுதிய ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’ இரண்டும் பல்லவர் காலத்தவை எனினும் ஒரே ஆசிரியர் என்ற உரிமையோடு வந்து நிற்கும். கதையின் தொடர்ச்சி என்று விக்கிரமன் எழுதிய ‘நந்திபுரத்து நாயகி’, இராஜேந்திர சோழரைப் பற்றிய அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’, இராஜராஜரைப் பற்றிய பாலகுமாரனின் ‘உடையார்’ ஆகியவற்றையும் ஒதுக்க மனம் வராது. 1999இல் சென்னையில் மேடையேறிய நாடகம், 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் மணிரத்னம் வெளியிட்ட இரண்டு திரைப்படங்கள், அவற்றின் பாடல்கள், நடிகர்கள், உடைகள், நகைகள் எல்லாம் வரிசையில் காத்திருக்கும். இத்தனையையும் ஏற்றுக்கொண்டால் அத்தளம் சோழர் சரித்திரக் கலைக்களஞ்சியமாகவும், தமிழ்ச் சரித்திர நாவல்களின் அட்டவணையாகவும், சினிமாச் செய்தி ஏடாகவும் ஒரே சமயத்தில் ஆக முயன்று, மூன்றிலும் அரைகுறையாக நின்றுபோகும்.

மேல்நாட்டு ரசிகர்களும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தவர்களே. ‘ஸ்டார் டிரெக்’ என்னும் விண்வெளிக் கதைத் தொடருக்காக 2003இல் தோன்றிய ‘மெமரி ஆல்ஃபா’ என்ற தளம், தொலைக்காட்சியிலும் திரைப்படத்திலும் வந்தவை மட்டுமே தன் கதை உலகத்துக்குப் பிரமாணம் என்று வரையறுத்துக்கொண்டது. அதே கதை மாந்தரை வைத்து எழுதப்பட்ட எண்ணற்ற நாவல்களுக்கும் படக்கதைகளுக்கும் ‘மெமரி பீட்டா’ என்று வேறொரு தளம் எழுந்தது. ‘ஸ்டார் வார்ஸ்’ ரசிகர்களோ, விக்கிப்பீடியாவில் தாங்கள் எழுதிக் குவித்த நுணுக்கமான கட்டுரைகளுக்கு அங்கே ஆட்சேபம் எழவே, 2005இல் ‘வூக்கிபீடியா’ என்ற தனித் தளத்தை நிறுவிக்கொண்டார்கள். 2014இல் உரிமையாளர்கள் பழைய நாவல்களை மூலக்கதையின் பிரமாணத்திலிருந்து விலக்கிவிட்டபோது, அத்தளத்தார் ஒரே பாத்திரத்துக்குப் புதிய கதைக்கு ஒன்று, பழைய கதைக்கு ஒன்று என இரண்டு பக்கங்கள் வைத்து ஆயிரக்கணக்கான கட்டுரைகளைப் பிரித்தார்கள். அவ்வளவு பிரயாசை எதற்கு என்று வெளியார் கேட்கலாம். இரண்டையும் ஒரே பக்கத்தில் கலந்து எழுதினால், படிக்கிற பிள்ளை எந்தச் சம்பவம் எந்தக் கதையில் நடந்தது என்று அறியாமலே போய்விடும் என்பதுதான் காரணம்.

இந்த எச்சரிக்கை அவர்களைவிட நமக்கே அதிகம் அவசியம். அவர்களுடைய கதைகள் முற்றிலும் கற்பனை. நம்முடையதோ, கல்லிலும் செப்பிலும் பெயர் பொறித்த மனிதர்களைச் சுற்றி எழுந்த கற்பனை. உத்தம சோழர் என்ற ஒரு பெயருக்குப் பக்கம் எழுதிப் பார்த்தால் இது விளங்கும். சரித்திரத்தின்படி அவர் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவியாருக்கும் பிறந்த மகன். ஏறத்தாழ 970 முதல் 985 வரை ஆண்டவர். அவருடைய மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் பின்னாளில் இராஜராஜரின் ஆட்சியில் கோயில் காரியங்களை விசாரிக்கும் அதிகாரியாக இருந்தான். கல்கியின் கதையிலோ, செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் தஞ்சையில் ஊமைத் தாய் ஒருத்தியால் வளர்க்கப்பட்டு, பூத்தொடுத்துக் கோயில் கைங்கரியம் செய்துவந்த சேந்தன் அமுதன். அவனே இறுதியில் முடிசூடி உத்தம சோழன் ஆகிறான். அரண்மனையில் இளவரசனாக வளர்ந்த மதுராந்தகன் வேறொருவன். திரைப்படத்திலோ இந்த மாற்றமே இல்லை. அரண்மனை மதுராந்தகரே முடிசூடிக்கொள்கிறார். மூன்றையும் கலந்து ‘உத்தம சோழர் சேந்தன் அமுதன் என்ற பெயரில் வளர்ந்தார்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால், அது தேடுபொறி வழியாகப் பரவிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கட்டுரை வரைக்கும் போய்விடும். கோனேரிராஜபுரத்துக் கோயிலில் தம் கணவரின் உருவத்தைக் கல்லில் வடிக்கச் செய்து, அவர் பெயரால் அக்கோயிலைக் கற்றளியாக எடுத்த அந்த அம்மையாருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் வேறு இல்லை.

ஆதித்த கரிகாலனின் மரணமும் அப்படிப்பட்டதே. கடம்பூர் மாளிகையின் இருட்டில் நடந்ததை யார் கையால் நடந்தது என்று திட்டமாகச் சொல்லாமல் விட்டது கல்கியின் கதைத் திறன். காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள, இராஜராஜரின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு, கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பதும், அவர்களையும் உறவினரையும் சேர்ந்த நிலங்கள் விற்கப்பட்டதைக் கூறுவதும் சாசனம் தரும் செய்தி. அதிலிருந்து நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழர்மீது ஐயம் கொண்டதும், சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்ததும் அறிஞர்களின் வாதம். நல்ல தளம் என்று நான் கருதுவது, கதைப் பகுதியை மேலே வைத்து, அதன் கீழே கோடு கிழித்து, ‘சாசனத்தில்’ என்று ஒரு பத்தியும் ‘ஆராய்ச்சியாளர் கருத்து’ என்று ஒரு பத்தியும் எழுதி, அத்துடன் நிறுத்திக்கொள்வது. திரைப்படத்துக்குத் தனிப்பகுதி, அதில் கதையிலிருந்து மாறிய இடங்களை மட்டும் சொன்னால் போதும்.

எல்லையைச் சுருக்கச் சொல்வது அபிமானத்தைச் சுருக்கச் சொல்வது ஆகாது. டெல்டாவில் சாகுபடி செய்கிறவர்களுக்கு இந்த நியாயம் தெரிந்ததே. மேட்டூரில் ஜூன் பன்னிரண்டாம் தேதி தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்பதால் மட்டும் எவரும் கண்ட தரிசையெல்லாம் உழுதுவிடுவதில்லை. கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருமா, முறைவைத்து விட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்தே நாற்றங்கால் விடுகிறார்கள். இணையதளத்துக்குத் தண்ணீர் என்பது, அதைப் பராமரிக்கும் மூன்று நான்கு பேருடைய மாலை நேரம். வேலைக்குப் போய், பிள்ளைகளைக் கவனித்து, மிச்சப் பொழுதில் எழுதுகிறவர்கள் எத்தனை பக்கங்களைப் பிழை திருத்தி, படம் சரிபார்த்து, வந்த மடல்களுக்குப் பதில் எழுதிக் காப்பாற்ற முடியுமோ அத்தனை பக்கங்களே அத்தளத்தின் நியாயமான பரப்பு. ‘விரைவில் எழுதப்படும்’ என்ற அறிவிப்போடு ஆண்டுக்கணக்காக வெறுமையாய்க் கிடக்கும் பக்கங்களைப் பார்க்கும்போது, அவற்றைத் திறந்தவரின் ஆசையை எண்ணி எனக்கு வருத்தமே மிகுகிறது.

நம்மிடையே இதைச் சரியாகச் செய்த உதாரணம் ஒன்று உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் யாகூ குழுமம் ஒன்றில் கூடிய பொன்னியின் செல்வன் வாசகர்கள், கதையைப் பேசிப் பேசி, பிறகு கதை நடந்த இடங்களுக்குக் கூட்டமாகப் பயணம் போகலானார்கள். கோயில்களுக்குப் போனவர்களுக்குக் கல்வெட்டுகளின்மேல் நாட்டம் விழுந்தது. அவர்களில் சிலர், கதைக்கென்று இருந்த குழுமத்தில் சாசன ஆராய்ச்சியைத் திணிக்காமல், 2004இல் ‘வரலாறு டாட் காம்’ என்ற இணைய இதழைத் தனியே தொடங்கி, திருச்சிராப்பள்ளியின் டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மைய அறிஞர்களின் வழிகாட்டலில் நடத்தினார்கள். கதை ரசனை ஓரிடம், வரலாற்றுப் படிப்பு வேறிடம் என்று பிரித்ததனால் இரண்டுக்கும் மதிப்பு உண்டாயிற்று. யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் அடியோடு மூடப்பட்டன என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். பிறர் இடத்தில் எழுதிச் சேர்த்தவற்றுக்குத் தம்மிடமும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளாதவர்களின் உழைப்பு அவற்றோடு போயிற்று. அளவாக உள்ள தளத்தைப் பிரதி எடுத்து வைப்பதும் எளிது, ஒருவர் ஓய்ந்தபின் இன்னொருவரிடம் ஒப்படைப்பதும் எளிது.

மூலநூலை முழுவதும் தளத்தில் ஏற்ற வேண்டுமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. கல்கியின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டமையால் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார் அந்நூலை ஏற்கெனவே மின்வடிவில் வழங்கியிருக்கையில், இணைப்புக் கொடுத்தால் வேலை முடிந்தது. நாட்டுடைமை நூலின் சொற்களுக்கு மட்டுமே. திரைப்படக் காட்சிகளுக்கும் பாட்டுக்கும் அந்தச் சலுகை கிடையாது. ஹாரி பாட்டர் கதைகளுக்கு 2000இல் தொடங்கிய ‘லெக்சிகன்’ என்னும் அகராதித் தளத்தை அந்த ஆசிரியையே பாராட்டியிருந்தும், அது அச்சுப் புத்தகமாக வர இருந்தபோது 2008இல் நியூயார்க் நீதிமன்றம் தடை விதித்தது. துணைநூல் எழுதும் உரிமையை நீதிபதி மறுக்கவில்லை. மூலத்தின் சொற்களை அளவுக்கு மீறி எடுத்தாண்டதே குற்றமாயிற்று.

இனி, எதை எழுதலாம் என்று கேட்பவர்களுக்கு, குறிப்பாகக் கும்பகோணத்திலும் தஞ்சையிலும் நாகையிலும் இருக்கிற இளைஞர்களுக்கு, நான் மனமாரச் சொல்வது ஒன்று. கதாபாத்திரங்களைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவிலேயே பல கட்டுரைகள் இருக்கின்றன. அவற்றைத் திரும்ப எழுதுவதால் லாபமில்லை. கதையில் வரும் இடங்களுக்கு, அத்தியாயத்தின் எண்ணையும் குறிப்பிட்டு, இன்றைய நிலையை நேரில் கண்டு எழுதும் பக்கங்கள்தாம் வெளியூரார் எவராலும் எழுத முடியாதவை. பட்டீசுவரத்துக்குப் பக்கத்தில் பழையாறையில் அரண்மனை நின்ற தடம் கண்ணுக்குத் தெரியாது; சோழன்மாளிகை என்ற ஊர்ப்பெயர் மட்டும் இருக்கிறது. நாகப்பட்டினத்தில், பின்னாளில் இராஜராஜர் ஆன இளவரசர் காய்ச்சலோடு கிடந்ததாகக் கல்கி எழுதிய சூடாமணி விகாரத்தின் கதை வேறு: ஆனைமங்கலச் செப்பேடு காட்டும் காலத்தைப் பார்த்தால் அவ்விகாரம் எழுந்தது இராஜராஜரின் ஆட்சியில், அதாவது கதை நிகழும் காலத்துக்கு ஏறக்குறைய ஒரு தலைமுறை பின்னால்; பௌத்தக் கோபுரம் ஒன்று அவ்வூரில் 1867 வரை நின்று பின் இடிக்கப்பட்டது. கோடிக்கரையில், பூங்குழலியின் குடும்பம் காத்துவந்ததாகக் கதை சொல்லும் கலங்கரை விளக்கத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு உள்ளூரார் காட்டிவந்த பழைய கட்டடத்தின் மிச்சமும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் சிதைந்துவிட்டது. அதன் பழைய புகைப்படம் எந்த வீட்டுப் பெட்டியிலாவது இருக்கக்கூடும். வேதாரணியத்துப் பக்கத்து அன்பர்கள் அதைத் தேடி, எடுத்த ஆண்டோடும் எடுத்தவர் சம்மதத்தோடும் அந்த ஒரு பக்கத்தில் சேர்த்தால், அடுத்த கோடையில் கொள்ளிடத்துக்கு வடக்கே வீரநாராயணபுரத்தையும் கடம்பூரையும் எழுதத் தொடங்கலாம்.