ஜீப்பின் பின்ஜன்னல்

கித்தான் கூரை போட்ட ஜீப்பின் பின்ஜன்னல் பிளாஸ்டிக் மஞ்சளித்துவிட்டால், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அங்கே நிற்கும் பிள்ளை தெரியாது. வெயிலில் வறண்டு வெடித்ததை எவ்வளவு துடைத்தாலும் தெளியாது, மாற்றத்தான் வேண்டும்.

பழையதை முதலில் வெட்டிவிடக் கூடாது. கித்தான் இழுபட்டுத் திறப்பு கோணலாகும். புதிய பிளாஸ்டிக்கைச் சுற்றிலும் ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டி, பழையதன் மேலேயே இருபுறமும் ஒட்டும் நாடாவால் பொருத்துவோம். குண்டூசி வேண்டாம், அந்தத் துளை மூடாது. பழைய தையலுக்கு வெளியே தைத்த பிறகே பழையதை நீக்குவோம்.

நெருக்கமாகத் தைப்பதுதான் உறுதி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படித் தைத்தால் தபால்தலை ஓரம்போலக் கிழிந்துவிடும்! அங்குலத்துக்கு ஐந்தாறு தையல் போதும். பருத்தி நூல் நம் மழையில் மக்கிவிடும். பாலியெஸ்டர் நூலே ஏற்றது. தையல்மீது மெழுகு தேய்த்தால் கசிவு குறையும். துடைக்கச் சவர்க்காரத் தண்ணீரே போதும், மண்ணெண்ணெய் கூடாது.