மின்கம்பி எட்டாத கொட்டிலுக்கு எந்த விளக்கு?

இடம்பெயர்ந்து போய்த் திரும்பிவந்து காணி துப்புரவாக்கும் குடும்பங்கள் முதலில் போடுவது ஒரு கொட்டில். வயற்கரையில் பன்றிக்கும் யானைக்கும் காவல் இருப்போர் படுப்பதும் கொட்டிலில்தான். பல இடங்களில் மின்கம்பம் தெருவோடு நின்றுவிடும். உள்ளே உள்ள காணிக்கு அது வந்துசேர நாட்செல்லும். ஆனால் இரவு காத்திருக்காது. பிள்ளை பாடம் படிக்க வேண்டும். பாம்பு, பூச்சி பார்த்து முற்றத்தில் இறங்க வேண்டும். நோயாளி இருந்தால் நடுச்சாமத்திலும் வெளிச்சம் தேவை. ஆகவே விளக்கு ஓர் ஆடம்பரப் பொருள் அன்று.

எம்மவருக்கு இருளும் புதிதல்ல, இருளைச் சமாளிக்கும் வித்தையும் புதிதல்ல. 1990இன் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போனது. எரிபொருளுக்கும் பற்றறிக்கும் தடை இருந்தது. அப்போது பழைய ஜாம் போத்தலுக்குள் சொற்ப எண்ணெய் விட்டு, சிறு திரியில் விளக்கெரித்துப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். பின்னர் 2022இல் நாடு முழுவதும் நெருக்கடி வந்தபோது, ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியது. கடையை நம்பிய விளக்கு கடையோடு நின்றுவிடும் என்பதே இவற்றால் நாம் கற்ற பாடம்.

இன்று மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்யக்கூடிய விளக்குகள் சந்தையில் நிறைய உண்டு. ஆனால் தெரியாமல் வாங்கினால் ஆறு மாதத்தில் பற்றறி செத்து, காசும் போய், பழைய போத்தல் விளக்கே மிஞ்சும். எனவே வாங்குமுன் சில விடயங்களை அறிந்துகொள்வோம்.

1. முதலில் கணக்கு

மின்குமிழின் வாற்று எண்ணை எரியும் மணித்தியாலத்தால் பெருக்கினால் கிடைப்பது வாற்று-மணி. ஒரு சிறு குடும்பத்தின் ஓரிரவுத் தேவையைப் பார்ப்போம்.

சமைக்கவும் படிக்கவும் 3 வாற்று எல்.ஈ.டி. குமிழ், 4 மணித்தியாலம்: 12 வாற்று-மணி.
படுக்கும் இடத்தில் 1 வாற்றுக் குமிழ், 8 மணித்தியாலம்: 8 வாற்று-மணி.
பொத்தான் கைத்தொலைபேசி ஒன்றைச் சார்ஜ் செய்ய: ஏறக்குறைய 5 வாற்று-மணி.
மொத்தம்: 25 வாற்று-மணி.

பழைய இழைக் குமிழ் 40 வாற்றில் தந்த வெளிச்சத்தை எல்.ஈ.டி. குமிழ் 5 வாற்றில் தருகிறது. ஆகவே கொட்டிலுக்கு எல்.ஈ.டி. தவிர்ந்த வேறு குமிழை நினைக்கவே வேண்டாம். ஒரு வாற்று எல்.ஈ.டி. கூட, போத்தல் விளக்கைவிடப் பன்மடங்கு வெளிச்சம் தரும்.

2. எந்தப் பற்றறி?

ஈயப் பற்றறி: விலை குறைவு, எங்கும் கிடைக்கும். 12 வோல்ற்று, 7 அம்பியர்-மணி என்று எழுதிய சிறிய மூடிய பற்றறியில் 84 வாற்று-மணி உண்டு (12 x 7). ஆனால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தாலும், எடுத்தபின் சார்ஜ் செய்யாமல் நாட்கணக்கில் வைத்தாலும், தகடுகளில் வெள்ளை உப்புப் படிந்து பற்றறி கெட்டுவிடும். பாதி என்றால் 42 வாற்று-மணி. மேலே சொன்ன குடும்பத்துக்கு ஓரிரவு தாராளமாகப் போதும். அடுத்த நாள் வெயில் இல்லாவிட்டால் இரண்டாம் இரவு சிக்கனம் பிடிக்க வேண்டும்.

உழவு இயந்திரப் பற்றறி: "வீட்டில் பழசு ஒன்று கிடக்கிறது, அதைப் போடலாமா?" என்று பலர் கேட்பதுண்டு. இயந்திரத்தைக் கிளப்பச் சில விநாடிக்கு மிகுந்த மின்னைக் கொடுக்கவே அது செய்யப்பட்டது. அதன் தகடுகள் மெல்லியவை. இரவிரவாக விளக்கெரித்து அடிமட்டம் வரை வடித்தால் விரைவில் கெடும். இருப்பதைப் பயன்படுத்துவதானால் சிறிதளவே எடுத்து, மறுநாளே திரும்ப நிரப்புங்கள். இதற்கென்று புதிதாக வாங்க வேண்டாம்.

லிதியம் இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றறி: விலை கூட, பாரம் குறைவு. கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கை எடுக்கலாம். ஈயப் பற்றறி சில நூறு தடவை ஏறி இறங்கினால் களைத்துவிடும். இது இரண்டாயிரம் தடவைக்கு மேலும் தாங்கும். 12.8 வோல்ற்று, 6 அம்பியர்-மணிப் பற்றறியில் எடுக்கக்கூடியது சுமார் 61 வாற்று-மணி. எமது கணக்குப்படி இரண்டு இரவுக்கு அது போதும். ஆனால் இதற்கு ஏற்ற சார்ஜரையே பூட்ட வேண்டும். ஈயப் பற்றறிச் சார்ஜரைக் கண்டபடி மாட்டக்கூடாது.

ரோச் லைற்றுகள்: சுவரில் செருகிச் சார்ஜ் செய்யும் மலிவான ரோச்சுகள் பலவற்றுள் 4 வோல்ற்று ஈயப் பற்றறியே இருக்கிறது. அடைமழைக்கு உதவும் என்று பெட்டிக்குள் மாதக்கணக்கில் வைத்தால், தேவைப்படும் நாளில் எரியாது. மாதம் ஒரு தடவையாவது சார்ஜ் செய்யுங்கள். உருண்டை லிதியம் பற்றறி போட்ட ரோச்சுகளில் 9900 மில்லி அம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால் நம்ப வேண்டாம். பெருவிரலிலும் சற்றுப் பெரிதான அந்த வகைப் பற்றறியில் நல்லவற்றிலேயே சுமார் 3500தான் இருக்கும்.

3. எப்படிச் சார்ஜ் செய்வது?

கடையில் கொடுத்து: பற்றறியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் சந்தியில் சார்ஜ் செய்வது ஒரு வழி. தொடக்கச் செலவு இல்லை. ஆனால் கூலியும் அலைச்சலும் நாளடைவில் ஒரு பனலின் விலையைத் தாண்டிவிடும். "இன்னும் கொஞ்சம் எரியட்டும்" என்று தள்ளிப்போட்டுப் பற்றறியைக் கெடுப்பதும் இம்முறையில்தான் கூடுதல்.

சோலர் பனல்: 10 வாற்றுப் பனல் 4 மணித்தியால நல்ல வெயிலில் 40 வாற்று-மணி தரும். சூட்டாலும் வயராலும் பற்றறியாலும் மூன்றில் ஒரு பங்கு வீணாகும். மிஞ்சுவது 26 அளவில். எமது 25க்கு மட்டுமட்டாகச் சரி. ஆனால் கார்த்திகை, மார்கழி மாரியில் வெயில் பாதியாகக் குறையும். ஆகவே 20 வாற்றுப் பனல் வாங்குவதே புத்தி. பனலுக்கும் பற்றறிக்கும் நடுவில் சார்ஜ் கொன்ரோலர் கட்டாயம் வேண்டும். அது பற்றறியை மிஞ்சி நிரம்பவும் விடாது, அடியோடு வடியவும் விடாது.

பனலைத் தெற்கு நோக்கிச் சற்றுச் சாய்த்துப் பூட்டுங்கள். சாய்வு இருந்தால் மழை அழுக்கைக் கழுவும். ஒரே ஒரு பனையோலையின் நிழல் விழுந்தாலும் மின் வெகுவாகக் குறையும். ஏனெனில் உள்ளே உள்ள கலங்கள் சங்கிலிபோல் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டவை. செம்மண் தூசியை வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடையுங்கள்.

சைக்கிள் டைனமோ: சாதாரண டைனமோ 6 வோல்ற்று, 3 வாற்று. ஒரு மணித்தியாலம் மிதித்தால் மிஞ்சி மிஞ்சி 3 வாற்று-மணி. அவசரத்துக்கு உதவும், வீட்டு விளக்குக்குப் போதாது. அது தருவது ஆடலோட்டம் என்பதால் டயோட் எனப்படும் இருவாயிகள் பூட்டி நேரோட்டமாக்கியே பற்றறிக்குக் கொடுக்கலாம்.

4. எதை வாங்கலாம்?

மீண்டும் எழும்பிப் போகவேண்டி வரலாம் என்ற நிலையில் உள்ளோருக்குப் பனலும் பற்றறியும் ஒன்றாயுள்ள கைவிளக்கே நல்லது. ஒரு கையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். ஒட்டி மூடியதை விட்டு, திருகாணி பூட்டியதாகப் பாருங்கள். அப்போதுதான் பற்றறியை மாற்றலாம்.

காணியில் நிலைத்துவிட்டோருக்கு 20 வாற்றுப் பனல், கொன்ரோலர், பற்றறி, இரண்டு குமிழ் என்ற தனித்தனித் தொகுதி நல்லது. ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். முழுப் பணமும் ஒரே தடவையில் கையில் இல்லையெனில் பனலை முதலில் நல்லதாக வாங்குங்கள். பற்றறியைச் சிறிதாகத் தொடங்கலாம். நல்ல பனல் இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும்.

5. கிடுகுக் கொட்டிலில் கவனிக்க வேண்டியவை

பற்றறியின் நேர் முனைக்கு அருகிலேயே 5 அம்பியர் பியூஸ் பூட்டுங்கள். 12 வோல்ற்று ஆளை அடிக்காது. ஆனால் இரண்டு வயரும் முட்டினால் வயர் பழுத்து ஓலை பற்றிக்கொள்ளும்.

பற்றறியைப் பிள்ளைகளுக்கு எட்டாத பலகையில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். தண்ணீர் விடும் ஈயப் பற்றறி சார்ஜ் ஆகும்போது எரியக்கூடிய வாயு வெளிவரும். பக்கத்தில் அடுப்போ குப்பி விளக்கோ கூடாது. அதற்குக் காய்ச்சி வடித்த நீரையே விடுங்கள். கிணற்று நீர் கெடுத்துவிடும்.

சிறிய வோல்ற்றுமானி ஒன்று வைத்திருங்கள். விளக்கை அணைத்துச் சற்றுநேரம் கழித்துப் பார்க்கும்போது ஈயப் பற்றறியில் 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. அதற்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

வீங்கிய லிதியம் பற்றறியைப் பாவிக்கவும் வேண்டாம், அடுப்பில் எறியவும் வேண்டாம். பழைய ஈயப் பற்றறியை வளவில் உடைக்காதீர்கள். ஈயம் மண்ணுக்கும் கிணற்றுக்கும் பிள்ளைகளின் மூளைக்கும் நஞ்சு. பழைய பற்றறி எடுக்கும் கடையில் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

6. போத்தல் விளக்கு இன்னும் எரிகிறதா?

மின் விளக்கு வரும்வரை போத்தல் விளக்கைத் தவிர்க்க முடியாதோர் அதன் வடிவத்தையாவது மாற்றலாம். உயர்ந்த, பாரமற்ற போத்தல் இலேசில் சரியும். திரி கழன்று எண்ணெய் உடலில் ஊற்றும். தீக்காயங்களைக் கண்டு மனம் நொந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புற, கட்டையான, பாரமான, பக்கங்கள் தட்டையான, திருகு மூடியுள்ள கண்ணாடி விளக்கை வடிவமைத்தார். சரிந்தாலும் அது உருளாது, மூடியும் கழலாது. இதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இந்த நான்கு குணங்களையும் பார்த்து விளக்கைத் தெரிவு செய்யுங்கள். நுளம்பு வலைக்குள் ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள்.

அயலில் மூன்று நான்கு குடும்பங்கள் இருந்தால் ஒரே நாளில் சேர்ந்துபோய் வாங்குங்கள். ஒரே வகைப் பற்றறியும் குமிழும் இருந்தால் ஒருவருடையது பழுதாகும்போது மற்றவருடையதைப் பூட்டிப் பார்த்துப் பிழை எங்கே என்று கண்டுபிடிக்கலாம். கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை வாற்று-மணி? பற்றறியை மாற்ற முடியுமா? உத்தரவாதம் எழுத்தில் உண்டா? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.