சீட்டுப் பணத்தில் ஒரு காமிரா

புடவை எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். மிக்ஸி வாங்க அண்டை அயலில் விசாரிக்கிறோம். காமிரா என்றால் மட்டும், "அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று ஒதுங்கிவிடுகிறோம். அப்படி ஒதுங்கத் தேவையில்லை, சகோதரிகளே! மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கத் தெரிந்த நமக்கு, காமிராவையும் பார்த்து வாங்கத் தெரியும்.

நான் இருப்பது காரைக்காலை அடுத்த கிளிஞ்சல்மேடு. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது, வீட்டுச் சாமான்களோடு சுவரில் மாட்டியிருந்த படங்களையும் கடல் கொண்டுபோனது. இழந்தவர்களின் முகத்தைப் பார்க்க ஒரு போட்டோகூட மிஞ்சாத குடும்பங்கள் இந்தக் கரையில் உண்டு. அதனால் போட்டோ என்பது எங்களுக்கு ஆடம்பரம் இல்லை.

போன மாதம் என் நாத்தனார் வந்து, "அண்ணி, சீட்டு எடுத்ததுல 6,000 ரூபா மிச்சம் இருக்கு. ஒரு காமிரா பார்த்துச் சொல்லுங்க. அதுக்கு மேல சல்லிக் காசு கிடையாது" என்றாள். அவளுக்காக நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

செல்போன் இருக்கும்போது எதற்கு?

நியாயமான கேள்விதான். பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் நிற்பவர்களை எடுக்க நல்ல செல்போன் போதும். அது கையில் இருந்தால் பணத்தை மிச்சம் பிடியுங்கள். நாத்தனாரிடம் இருப்பதோ பட்டன் போன். பள்ளி மேடையில் ஆடும் பிள்ளையைக் கடைசி வரிசையிலிருந்து எடுக்கவேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு லென்ஸே நகர்ந்து தூரத்தை அருகில் கொண்டுவரும் 'ஆப்டிகல் ஜூம்' வேண்டும். 'டிஜிட்டல் ஜூம்' என்பது எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். அதற்குக் காசு தராதீர்கள்.

மெகாபிக்சலில் மயங்காதீர்கள்

1975-ல் கோடக் கம்பெனியின் இன்ஜினீயர் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் காமிரா மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை காசெட்டில் பதிய 23 விநாடி ஆயிற்று. அதில் இருந்தது 10,000 புள்ளி. 10 லட்சம் புள்ளி சேர்ந்தால் ஒரு மெகாபிக்சல்.

ஆல்பத்தில் ஒட்டும் 6x4 அங்குலப் படத்துக்கு 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். சுவரில் மாட்டும் 12x8-க்கு 9 போதும். இன்று பெயர் தெரியாத மலிவுக் காமிராக்களில் '48' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். உள்ளே படம் பதியும் சில்லு சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. சின்னக் கூடையில் நெத்திலியை எவ்வளவு திணித்தாலும் கூடை பெரிதாகுமா?

பழசு வாங்கினால்…

6,000 ரூபாய்க்குப் பெரிய கம்பெனியின் புதுக் காமிரா கிடைப்பது அரிது. கெனான், நிக்கான், சோனி ஆகியவற்றின் பழைய சிறு காமிராக்களைத் தேடலாம். வாங்குமுன் இவற்றைக் கவனியுங்கள்:

1. டார்ச் அடித்து லென்ஸைப் பாருங்கள். சிலந்தி நூல் போலத் தெரிந்தால் அது பூஞ்சை. வேண்டாம்.

2. ஜூமை நாலைந்து தடவை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். நறநறவென்றால் உள்ளே மணல்.

3. வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளி தெரிந்தால் உள்ளே தூசி.

4. பாட்டரியும் கார்டும் இன்றும் கிடைக்கிறதா என்று கேளுங்கள். சில பழைய காமிராக்களுக்கு எக்ஸ்டி கார்டு, மெமரி ஸ்டிக் என்று தனி கார்டு வேண்டும். தேடி அலைய நேரும். மிகப் பழையவை 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டை ஏற்காது.

5. பிளாஷ் அடித்துப் பார்த்து, கடைக்காரரிடம் பில் எழுதி வாங்குங்கள்.

பணத்தைப் பிரிக்கும் கணக்கு

நாத்தனாருக்கு நான் சொன்னது இதுதான்: "கையில இருக்கிற 6,000-த்தையும் காமிராவுலயே போட்டுடாதே. 4,500-க்குள்ள காமிராவை முடி. மிச்சத்துல கார்டும் மாற்று பாட்டரியும் வாங்கு. 500 ரூபாயைப் பிரிண்டுக்குன்னு தனியா எடுத்து வை."

அக்பா கிளிக் காமிரா காலத்தில் ஒரு ரோலுக்கு 12 படம்தான். ஆனால் எடுத்ததைக் கழுவிப் பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் ஒட்டினோம். இப்போது நூற்றுக்கணக்கில் எடுத்துக் கார்டிலேயே விட்டுவிடுகிறோம். கார்டு கெட்டால் அத்தனையும் போகும். மாதம் ஐந்து படமாவது பிரிண்ட் போடுங்கள். எல்லாப் படங்களையும் ஒரு பென் டிரைவில் ஏற்றி, வெளியூரில் இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். கரையோரக் குடும்பங்களுக்கு இது மிக முக்கியம்.

உப்புக் காற்றிலிருந்து காக்க

கடற்கரையில் எடுத்து வந்ததும் லேசாக ஈரம் தொட்ட துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். மணல் இருந்தால் முதலில் தூரிகையால் தட்டிவிடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அரிசிப் பானையில் போடாதீர்கள். மாவுத் தூசி ஜூமுக்குள் போய்விடும். நெடுநாள் எடுக்காமல் வைப்பதானால் பாட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

காமிரா கைக்கு வந்ததும் பூவையும் வானத்தையும் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ, அவரை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து முதல் படத்தை எடுங்கள். அந்த வாரமே பிரிண்டும் போட்டுவிடுங்கள்.