பூட்டில்லாத கட்டில்: ஜப்பானின் கேப்சூல் விடுதி

ஜப்பானியச் சட்டத்தின் கணக்கில் கேப்சூல் விடுதியின் கேப்சூல் ஓர் அறை கிடையாது. அது ஒரு கட்டில். கூரையும் சுவர்களும் விளக்கும் மின்சாரமும் உள்ள கட்டில். தனியாக ஜப்பான் போகிறவர்கள் இந்த ஒரு செய்தியை மனத்தில் வாங்கிக்கொண்டால் போதும். கதவு ஏன் இல்லை, குளியல் ஏன் பொதுவில், கூடத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் ஏன் வாயைத் திறக்கத் தயங்குகிறார்கள் என்று அடுத்தடுத்து எழும் கேள்விகளுக்கெல்லாம் பதில் அதிலேயே இருக்கிறது.

1948இல் இயற்றப்பட்ட விடுதித் தொழில் சட்டமும் அதன் விதிகளும்தான் இதற்கு அடிப்படை. இன்றைய விதிப்படி ஹோட்டல் அறை என்றால் குறைந்தது 7 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். கட்டில் போட்ட அறையானால் 9. கேப்சூலின் பரப்போ சுமார் 2 சதுர மீட்டர்தான். அதை அறை என்று பதிவு செய்ய வழியே இல்லை. ஆகவே இந்த விடுதிகள் ‘எளிய தங்குமிடம்’ என்ற வகையில் உரிமம் பெறுகின்றன. பலர் ஒரே கூடத்தைப் பகிர்ந்துகொண்டு தூங்கும் இடங்களுக்கான வகை அது. மலையேறுவோர் தங்கும் குடில்களும் இளைஞர் விடுதிகளும் இதே வகையில்தான் வருகின்றன. அங்கே அடுக்குக் கட்டில் போடுவதானால் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையே ஏறக்குறைய 1 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது விதி. கேப்சூலின் உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவே. உள்ளே சம்மணம் போட்டு உட்காரலாம். எழுந்து நிற்க முடியாது.

கதவு வைத்துப் பூட்டும் போட்டுவிட்டால் கட்டில் அறையாகிவிடும். அப்புறம் பரப்பளவு முதல் தீத்தடுப்பு வரை எல்லா விதிகளும் ஒவ்வொரு கேப்சூலுக்கும் தனித்தனியே வந்து சேரும். அதனால்தான் வாசலில் ஒரு சுருள்திரை மட்டும் தொங்குகிறது. நம் ரயில்களில் இரண்டடுக்கு ஏசிப் பெட்டியில் திரையை இழுத்துவிட்டுப் படுப்போமே, அதே ஏற்பாடுதான். சுவர் மட்டும் கொஞ்சம் கெட்டி.

இந்தக் கட்டிலை வடிவமைத்தவர் சாதாரணமானவர் அல்ல. கிஷோ குரோகாவா, 20ஆம் நூற்றாண்டின் பேர்பெற்ற கட்டடக் கலைஞர்களில் ஒருவர். 1960இல் தோக்கியோவில் நடந்த உலக வடிவமைப்பு மாநாட்டையொட்டி ஜப்பானின் இளம் கட்டடக் கலைஞர்கள் சிலர் ‘மெட்டபாலிசம்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். குரோகாவாவுக்கு அப்போது வயது 26. உடம்பில் பழைய செல்கள் போய்ப் புதியவை வருவதுபோல நகரமும் தன் பாகங்களை மாற்றிக்கொண்டே வளர வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அதற்கு மனிதர் வாழும் இடம் கழற்றி மாட்டக்கூடிய பாகமாக இருக்க வேண்டும். 1972இல் தோக்கியோவின் கின்சா பகுதியில் குரோகாவா கட்டிய நாகாகின் கேப்சூல் கோபுரம் அந்தக் கனவின் உருவம். இரண்டு கான்கிரீட் தண்டுகள், அவற்றில் போல்ட் போட்டு மாட்டிய 140 கேப்சூல்கள். 25 ஆண்டுக்கு ஒருமுறை கேப்சூல்களைக் கழற்றிப் புதியன மாட்டுவது என்பது திட்டம். ஒன்றைக்கூட மாற்றவில்லை. கசிவும் துருவும் ஏறி, 2022இல் கோபுரத்தைப் பிரித்தே எடுத்துவிட்டார்கள். மீட்டெடுத்த சில கேப்சூல்கள் இப்போது அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

நாகாகின் கேப்சூலில் வட்ட ஜன்னல் இருந்தது, குளியலறை இருந்தது, பூட்டும் கதவு இருந்தது. ஆகவே அது சிறியதாக இருந்தாலும் வீடு. அந்தக் கனவு தோற்றது. ஆனால் அதிலிருந்து ஜன்னலையும் குளியலறையையும் கதவையும் கழித்துவிட்டு மிஞ்சியதை வைத்து உண்டான கேப்சூல் விடுதி நிலைத்துவிட்டது. கட்டடக் கலை வரலாறு எழுதுகிறவர்கள் கோபுரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், விடுதியை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். குரோகாவாவின் வேலைகளில் மிக அதிகமான சாதாரண மக்களைச் சென்றடைந்தவற்றில் இதுவும் ஒன்று என்பது என் எண்ணம்.

அது உண்டான கதை ஒசாகாவில் தொடங்குகிறது. உமேதா பகுதியில் சவுனா குளியலகம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தார், கடைசி ரயிலைத் தவறவிட்டவர்கள் குளித்துவிட்டு ஓய்வுக்கூடத்து நாற்காலிகளிலேயே சுருண்டு கிடப்பதைப் பார்த்தார்கள். 1970இல் அதே ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சியில் குரோகாவா கேப்சூல் வீடுகளைக் காட்சிக்கு வைத்திருந்தார். அவரையே வரவழைத்து வடிவமைக்கச் சொன்னார்கள். அரங்க இருக்கைகள் செய்வதில் பெயர்பெற்ற கோதோபுக்கி நிறுவனம் கேப்சூல்களைச் செய்து கொடுத்தது. 1979 பிப்ரவரி 1 அன்று ‘கேப்சூல் இன் ஒசாகா’ திறக்கப்பட்டது. உலகின் முதல் கேப்சூல் விடுதி அதுதான்.

கடைசி ரயில் என்பது ஜப்பானிய நகர வாழ்க்கையில் எவ்வளவு பெரிய விஷயம் என்பது வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. தோக்கியோவில் நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ரயில்கள் நின்றுவிடும். மறுபடி ஓடத் தொடங்க விடியற்காலை நாலரை, ஐந்து ஆகிவிடும். அலுவலகம் நகர நடுவில், வீடு ஒன்றரை மணி நேரப் பயணத்தில். வேலை முடிந்து சக ஊழியர்களோடு குடிக்கப் போவது அங்கே ஏறக்குறைய வேலையின் ஒரு பகுதி. ரயிலை விட்டுவிட்டால் டாக்சிதான். இரவு 10 மணிக்கு மேல் அதன் கட்டணம் 20 சதவீதம் கூடிவிடும். அந்தக் காசில் பாதிக்கும் குறைவாக வெந்நீர்க் குளியலும் சுத்தமான படுக்கையும் கிடைக்குமென்றால் யார் டாக்சி பிடிப்பார்கள்? முதல் முப்பது ஆண்டுகள் கேப்சூல் விடுதி முக்கியமாக அலுவலக ஆண்களின் இடமாகவே இருந்ததற்கும், பெரும்பாலானவை ரயில் நிலையங்களை ஒட்டியே இருப்பதற்கும் இதுதான் காரணம்.

கேப்சூலின் உடல் பெரும்பாலும் கண்ணாடியிழை சேர்த்த பிளாஸ்டிக், அதாவது நாம் ஃபைபர் என்று சொல்வது. அச்சில் வார்த்து எடுப்பதால் மூலைகள் எல்லாம் வளைந்திருக்கும். துடைப்பதற்கும் சுலபம், தூக்கத்தில் முழங்கை இடித்தாலும் வலிக்காது. நீளம் 2 மீட்டர், அகலம் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு இரண்டாக அடுக்கி, வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். தலைமாட்டிலோ கால்மாட்டிலோ வாசல் உள்ளது ஒரு வகை. பக்கவாட்டில் வாசல் உள்ளது இன்னொரு வகை. முன்னது இடத்தை மிச்சம் பிடிக்கும், அதனால் அதுவே அதிகம். பின்னதில் சாதாரணக் கட்டிலில் ஏறுவதுபோல ஏறிப் படுத்துவிடலாம். முதுகுவலி உள்ளவர்களுக்கு அதுவே உத்தமம்.

மூச்சு முட்டாதா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கேப்சூலின் கொள்ளளவு ஏறக்குறைய 2,000 லிட்டர். தூங்குகிற ஒருவர் மணிக்குச் சுமார் 10 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். காற்றுப்புகாமல் அடைத்துவிட்டால், வெளிக்காற்றில் வெறும் 0.04 சதவீதமாக இருக்கும் அந்த வாயு ஒரே மணி நேரத்தில் அரை சதவீதத்தை எட்டிவிடும். தலைவலி வர அது போதும். கூடவே மனித உடல் தூக்கத்திலும் 70, 80 வாட் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்துத்தான் உள்ளே ஒரு சிறிய காற்றுவாயும், வாசலில் இடுக்கு விட்டுத் தொங்கும் திரையும். கதவில்லாதது இங்கே குறையே அல்ல, கேப்சூல் மூச்சு விடுவதே அந்த வழியாகத்தான். குளிர்சாதனம் கூடம் முழுவதற்கும் பொது என்பதால் வெப்பநிலையைத் தனியாகக் கூட்டிக் குறைக்க முடியாது. கோடையில் மேல்தட்டில் சற்றுப் புழுக்கம் தெரியும்.

உள்ளே நுழையும் முறையைச் சொல்லிவிடுகிறேன். வாசலில் செருப்பைக் கழற்றிச் சிறு பெட்டியில் வைத்துப் பூட்டி, அந்தச் சாவியை வரவேற்பு மேசையில் கொடுக்க வேண்டும். அவர்கள் பாஸ்போர்ட்டைப் பிரதி எடுத்துக்கொண்டு, மணிக்கட்டில் மாட்டும் பட்டையோடு இன்னொரு சாவி தருவார்கள். அதில் உள்ள எண்தான் உங்கள் லாக்கரின் எண், பெரும்பாலும் கேப்சூலின் எண்ணும் அதுவே. லாக்கர் ஒடுக்கமானது. தோள்பை, சட்டை, பணம், பாஸ்போர்ட் போகும். பெரிய பெட்டி போகாது. உள்ளே விடுதி தரும் உடையும் துண்டும் பல் துலக்கியும் இருக்கும். மாற்றிக்கொண்டு குளிக்கப் போய்விடலாம். சட்டைப் பையில் கிடந்தது, கையில் இருந்தது எல்லாம் லாக்கரில் போய்விட, கேப்சூலுக்குள் போகும்போது உங்களிடம் போனும் சார்ஜரும்தான் இருக்கும். பூட்டில்லாத கட்டிலில் நிம்மதியாகத் தூங்க முடிவது இந்த ஏற்பாட்டால்தான்.

பொதுக் குளியல் நம்மில் பலருக்கு முதல் தயக்கம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம்; ஆனால் உள்ளே யாரும் எதையும் உடுத்துவதில்லை. தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் கழுவிக்கொண்ட பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி குளிப்பதற்கல்ல, ஊறுவதற்கு. துண்டைத் தண்ணீரில் போடக்கூடாது, நீண்ட கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். பச்சை குத்தியவர்களைப் பல குளியலகங்கள் அனுமதிப்பதில்லை. அப்படி இருந்தால் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்பது இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும். நாளெல்லாம் நடந்த கால்களோடு அந்த வெந்நீரில் இறங்கும் சுகத்துக்காகவே நான் கேப்சூல் விடுதியைப் பரிந்துரைப்பேன். முடியவே முடியாது என்பவர்களுக்குத் தனி ஷவர் தடுப்புகள் உள்ள விடுதிகளும் உண்டு.

தூக்கத்துக்கு உண்மையான எதிரி சத்தம். ஃபைபர் சுவர் ஓரளவு தடுக்கும், திரை எதையும் தடுக்காது. பக்கத்துக் கேப்சூல்காரர் குறட்டை விட்டால் கேட்கத்தான் செய்யும். காதடைப்பான் அவசியம், பல விடுதிகள் வரவேற்பில் தருகின்றன. அதைவிட முக்கியம் நாம் எழுப்பும் சத்தம். அலாரத்தை அதிர்வில் மட்டும் வைக்க வேண்டும். போன் பேசுவதானால் ஓய்வுக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும். விடியற்காலை நாலு மணிக்குப் பிளாஸ்டிக் பைகளைச் சரசரவென்று கட்டுவதைப் போல் ஒரு கூடத்தையே எழுப்பிவிடும் காரியம் வேறில்லை. கட்ட வேண்டியதை இரவே லாக்கர் அறையில் கட்டிவிடுங்கள். சாப்பிடுவதும் கேப்சூலுக்கு வெளியேதான்.

2009இல் கியோத்தோவில் திறந்த ‘நைன் அவர்ஸ்’ விடுதி இந்தத் தொழிலின் முகத்தை மாற்றியது. குளிக்க ஒரு மணி, தூங்க ஏழு மணி, ஓய்வுக்கு ஒரு மணி, ஆக ஒன்பது மணி நேரம் என்பது அதன் பெயருக்குப் பொருள். வடிவமைப்பாளர் ஃபூமியே ஷிபாட்டா கேப்சூலிலிருந்து தொலைக்காட்சியை எடுத்துவிட்டு, தூக்கத்துக்கு வேண்டியதை மட்டும் விட்டுவைத்தார். ஒலி எழுப்பும் அலாரத்துக்குப் பதிலாக, எழ வேண்டிய நேரம் நெருங்கும்போது விளக்கு மெல்ல மெல்லப் பிரகாசமாகும். பக்கத்தில் இருப்பவரை எழுப்பாமல் ஒருவரை மட்டும் எழுப்ப இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. பெண்களுக்குத் தனித் தளமும் தனி லிஃப்டும் உள்ள விடுதிகள் பெருகியதும் ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான். இன்னமும் ஆண்களுக்கு மட்டுமான பழைய விடுதிகள் உண்டு. பெண்கள் முன்பதிவுக்கு முன் இதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

தனியே பயணம் செய்கிறவருக்கு ஹோட்டல்காரர்கள் உலகெங்கும் இழைக்கும் சிறு அநீதி ஒன்று உண்டு: இருவருக்கான அறையை ஒருவர் தலையில் கட்டுவது. ஜப்பானின் மரபு விடுதிகளில் சில தனியாளுக்கு அறையே தருவதில்லை. கேப்சூல் விடுதியில் ஒருவர் என்பதுதான் கணக்கே. ஊரையும் நாளையும் பொறுத்து 3,000 முதல் 6,000 யென்னுக்குள் பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும்.

இந்தக் கட்டில் இப்போது ஜப்பானைத் தாண்டியும் போய்விட்டது. மும்பை சென்ட்ரல் ரயில் நிலையத்தில் 2021இல் இத்தகைய விடுதி ஒன்று திறக்கப்பட்டது. 1998இல் திறந்த கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையத்தை வடிவமைத்தவரும் குரோகாவாதான். அந்த வளாகத்திலும் இன்று கேப்சூல் விடுதி நடக்கிறது.

குறுகிய இடத்தில் பதற்றம் வருகிறவர்கள் இதைத் தவிர்த்துவிடலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் இது ஒத்துவராது. மற்றவர்கள் முன்பதிவின்போதே கீழ்த்தட்டைக் கேளுங்கள். நள்ளிரவில் ஏணி இறங்கும் வேலை மிச்சம். பெரிய பெட்டியைக் கூரியரில் அடுத்த ஊருக்கு அனுப்பிவிடுங்கள். யமாதோ நிறுவனம் 1976இல் தொடங்கிய அந்தச் சேவை பெரும்பாலும் மறுநாளே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஒரு விஷயம் மட்டும் கவனம்: தொடர்ந்து சில நாள் தங்கினாலும் பல விடுதிகளில் காலை 10 மணிக்கு வெளியேறி, சுத்தம் செய்த பின் பிற்பகலில்தான் திரும்ப முடியும். ஆகவே காய்ச்சலோ களைப்போ உள்ள நாளில் சாதாரண ஹோட்டலில் அறை எடுங்கள். பகலெல்லாம் ஊர் சுற்றும் நாட்களுக்குக் கேப்சூலை வைத்துக்கொள்ளுங்கள்.